எண்பத்துநாலு வாட்

திரையில் தெரிந்த எண்ணை அவள் மூன்று முறை படித்தாள். ஆயிரம் வாட் மின்சாரம் தின்ற ஹீட்டர், ஆயிரத்து எண்பத்துநாலு வாட் சூடு கொடுத்திருந்தது. ஹீட்டரைக் கொண்டுவந்த கம்பெனி ஆளுக்கு வாயெல்லாம் பல். வாங்குவதைவிட அதிகமாகக் கொடுக்கிறது என்று நாங்கள் சும்மாவா சொன்னோம், இந்த எண்ணை அப்படியே சான்றிதழில் போட்டுக் கொடுங்கள் போதும் என்றான்.

பரிசோதனைக்கூடத்தில் அவளை எல்லோரும் ஹீட்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக அவள் பாடுவது ஒரே பாட்டு. கம்பிச்சுருளோ, எண்ணெய் நிரப்பியதோ, பளபளக்கும் கண்ணாடித் தகடோ, உள்ளே போகிற மின்சாரம் முழுவதும் சூடாகத்தான் வெளியே வரும். தலைகீழாக நின்றாலும் ஒரு வாட் கூடாது, குறையாது. பெட்டியின்மேல் 'பாதி மின்சாரம் மிச்சம்' என்று போடுவதால் அச்சகத்துக்காரருக்குத்தான் லாபம். மிச்சம் வேண்டுமா, ஆள் இல்லாத அறையில் அணைத்து வையுங்கள், ஜன்னல் இடுக்கை அடையுங்கள், இருக்கிற சூடு வெளியே போகாமல் பொத்திவையுங்கள் என்பாள். தின்பதைவிட அதிகமாகச் சூடு தரும் இயந்திரமும் உண்டுதான். ஆனால் அது வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை இழுத்து உள்ளே தள்ளும், அவ்வளவுதான். ஒரு பக்கம் குளிர்ந்தால்தான் மறுபக்கம் சுடும். கம்பெனி ஆளின் பெட்டி அந்த வகை இல்லை. மூடிய அறைக்குள் தனியாக நிற்கும் சாதாரணக் கம்பிச்சுருள் அது.

அந்த அறையைக் கட்டியது அவளுடைய கணவர். இதே கூடத்தில் அவளுக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். முழங்கை நீளத் தடிமனில் சுவர், சுவருக்குள் தண்ணீர்க் குழாய்கள். உள்ளே உண்டாகும் சூட்டையெல்லாம் தண்ணீர் வாரிக்கொண்டு வெளியே வந்துவிடும். தண்ணீர் எவ்வளவு சூடேறியது என்று பார்த்தால் உள்ளே எத்தனை வாட் என்று சொல்லிவிடலாம். எட்டு மாதத்துக்கு முன்னால் நெஞ்சில் சளி கட்டி, ஒன்பதே நாளில் அவர் போய்விட்டார். அதன்பின் பூட்டியே கிடந்த அறையை இன்று காலைதான் மறுபடி ஓட்டினார்கள்.

"உள்ள யாராவது மாட்டிக்கிட்டாங்களோ?" என்றார் அளவுகளை வாசித்துக் குறித்துக்கொள்ளும் பதிவாளர். தசமப் புள்ளியைக்கூட விடாமல் வாசிப்பதால் அவருக்குப் புள்ளி என்று பெயர். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மனிதர்களும் ஒருவகை ஹீட்டர்தான். அதனால் உள்ளே போகிறவர்கள் அடையாள அட்டையைக் கதவோரத்து ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஆணி காலியாக இருந்தது. கதவைத் திறந்து பார்த்தார்கள். ஹீட்டரும், மூலையில் எப்போதும் கிடக்கும் மர ஸ்டூலும் மட்டும்தான் இருந்தன.

கம்பெனி ஆளை டீ குடிக்க அனுப்பிவிட்டு, அதே ஹீட்டரைப் பாதி வேகத்தில் வைத்தாள். ஐந்நூறு போனது, ஐந்நூற்று எண்பத்துநாலு வந்தது. ஹீட்டரின் சாமர்த்தியமாக இருந்தால் உபரியும் பாதியாகியிருக்க வேண்டும். ஆக, சூடு ஹீட்டரிலிருந்து வரவில்லை. அதைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு வெறும் அறையை மூடி ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள்.

"எண்பத்துநாலு புள்ளி மூணு" என்று வாசித்துவிட்டு, புள்ளி அவள் முகத்தைப் பார்த்தார்.

இருவருக்கும் அந்த எண் மனப்பாடம். அறை கட்டி முடித்த அன்று, சரியாக அளக்கிறதா என்று பார்க்க, அவள் கணவர்தான் முதலில் உள்ளே போய் அந்த ஸ்டூலில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்தார். எண்பத்துநாலு புள்ளி மூன்று காட்டியது. அடுத்து அவள் உட்கார்ந்தபோது எழுபத்தொன்று. "பதிமூணு வாட் கம்மிடி நீ, இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கோ" என்று கடைசி வரைக்கும் கேலி செய்தார்.

மேலதிகாரியிடமிருந்து போன் வந்தது. அறை பழுதாகியிருக்கிறது, அந்த எண்பத்துநாலைக் கழித்துப் பூஜ்ஜியமாக்கிவிட்டு சாயங்காலத்துக்குள் சரியான அறிக்கை கொடுங்கள் என்றார். முறையும் அதுதான். ஒரே ஒரு பொத்தான். வேறு யாராவது கேட்டிருந்தால் அவளே அப்படித்தான் சொல்லியிருப்பாள். ஆனால் அதை அழுத்திவிட்டால் இந்த உலகத்தில் அவர் ஓர் எண்ணாகக்கூட மிஞ்சமாட்டார்.

"ஒரு தடவ நான் உள்ள போயி உக்காந்து பாக்குறேன்" என்று அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அட்டையை மாட்டும்போது விரல்கள் மரத்துப்போயிருந்தன. எட்டு மாதமாகவே அப்படித்தான். இரண்டு ஸ்வெட்டர், இரண்டு போர்வை, வீட்டில் ஹீட்டர் அணையாமல் ஓடியும் உடம்பில் சூடு தங்கவில்லை. துக்கம் என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

கதவு மூடிக்கொண்டது. ஸ்டூலில் உட்கார மனம் வராமல் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எண்பத்துநாலும் எழுபத்தொன்றும் நூற்றைம்பத்தைந்து. ஒரு மணி நேரத்தில் அந்த எண் வந்துவிட்டால் அறையில் பழுது இல்லை. அதற்கு மேல் யோசிக்க அவள் துணியவில்லை.

சுவரிலிருந்த சின்ன ஒலிபெருக்கி கரகரத்தது. எண்பத்துநாலு என்றார் புள்ளி. கால்மணி கழித்தும் எண்பத்துநாலு. அரைமணி கழித்தும் அதுதான்.

ஒரு மணி நேரம் முடிந்தபோது அவர் குரலே மாறிப்போயிருந்தது. "அக்கா, நீங்க உள்ளதான இருக்கீங்க? அட்ட ஆணில தொங்குது. ஆனா ஒரு ஆளுக்குத்தான் காட்டுது."

அவள் உள்ளங்கையை வாயருகே வைத்து ஊதினாள். மூச்சு வந்தது தெரிந்தது, சூடு தெரியவில்லை. சூடு எங்கிருந்தாவது வந்தாக வேண்டும் என்று பதினாறு வருடமாக ஊருக்கெல்லாம் சொன்னவள் அவள்தான். ஒரு பக்கம் குளிர்ந்தால்தான் மறுபக்கம் சுடும். பயம் முதுகில் ஏறியது. அதோடு, எட்டு மாதத்தில் முதல் முறையாக ஒரு நிம்மதியும் வந்தது. கையை நீட்டி ஸ்டூலின் பலகையைத் தொட்டாள். யாரோ வெகுநேரம் உட்கார்ந்திருந்த இடம்போல் கதகதப்பாக இருந்தது.

"பூஜ்ஜியம் பண்ணிரவாக்கா?" புள்ளி கேட்டார். "கைய பொத்தான் மேலதான் வச்சிருக்கேன்."

"இருங்க" என்றாள்.

எழுந்து மேல் ஸ்வெட்டரைக் கழற்றினாள். அடுத்ததையும் கழற்றினாள். இரண்டையும் ஸ்டூலின்மேல் போர்த்தி, கொஞ்சம்கூட இடுக்கு விடாமல் நான்கு பக்கமும் இழுத்துச் செருகினாள்.