மைக்செட் மகாராஜன் வாய் மூடிய நாட்கள்

அம்மன் கோயில் கொடை விழா மேடைக்குப் பின்னால் தகரக் கொட்டகைக்குள் மைக்கைப் பிடித்து உட்கார்ந்திருந்த மகாராஜனிடம், யாரோ ஒரு சின்னப் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நாலு வயசிருக்கும் பெண் பிள்ளை, ராட்டினத்துப் பக்கம் தனியாக நின்றது, பேர் கேட்டால் சொல்லவில்லை என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் விவரம் சொன்னது. மகாராஜன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்தொன்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறவன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சுமார் நான்கு வயது மதிக்கத்தக்க பெண் குழந்தை ஒன்று, பெயர் சொல்லத் தெரியாத நிலையில் நமது விழாக் கமிட்டி வசம் உள்ளது" என்று தொடங்கினான். பாவாடை என்ன நிறம் என்று பார்ப்பதற்குத்தான் தலையைத் திருப்பினான். மஞ்சள் பாவாடை. கையில் பாதி தின்ற பஞ்சுமிட்டாய். அவனுடைய மகள் பேச்சி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏளா தனம், இது நம்ம பிள்ளல்லா" என்று அவன் சொன்னபோது மைக் திறந்தே இருந்தது. ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

கொடைக்கு வந்த கூட்டம் மொத்தமும் சிரித்தது. மகாராஜனும் சேர்ந்து சிரித்தான். ஆனால் மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு முக்கூடலுக்கு மைக்செட் ஆட்டோவில் திரும்பும்போது அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அதிலிருந்தே தனலட்சுமிக்கு விஷயம் பெரிது என்று தெரிந்துவிட்டது. மகாராஜன் பேசாமல் ஓட்டுகிற ஆட்டோவில் அவள் கல்யாணமானதிலிருந்து உட்கார்ந்ததில்லை. மாடு குறுக்கே வந்தால் மாட்டோடு பேசுவான். சாப்பிடும்போது சாம்பாரோடு பேசுவான். மூன்றரை வயதாகியும் பிள்ளை வாய் திறக்காதபோது, என் பேச்சையெல்லாம் கேட்டு முடிச்சிட்டுத்தான் அவ ஆரம்பிப்பா என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன். குலதெய்வம் பேச்சியம்மன் பேரை வைத்த பிள்ளை எப்படிப் பேசாமல் போகும் என்பது அவன் கட்சி. பள்ளிக்கூடத்தில் கொடுக்க பேச்சிப்ரியா என்றும் ஒரு பேர் தயாராக இருந்தது. இரண்டில் எதையும் அவள் சொன்னதில்லை.

அடுத்த திங்கட்கிழமை திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் மாடியில் இருந்த ஒரு பேச்சுப் பயிற்சி நிலையத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த ஜெசி டீச்சர் சின்ன வயதுக்காரி. பேச்சியோடு தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் குமிழி ஊதினாள், பந்து உருட்டினாள், ஒளித்து வைத்த பொம்மையை எடுக்கச் சொன்னாள். பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கிறது, சொல்வதெல்லாம் புரிகிறது, வார்த்தை வெளியே வரத்தான் வழி தேடுகிறது என்றாள். அந்த ஒரு மணி நேரத்தில் பேச்சியிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் வந்தது. பந்து எங்கே என்றால் "அந்தா மேச கீழ கெடக்கு" என்றும், பசிக்குதா என்றால் "காலைல ரெண்டு இட்லி தின்னா டீச்சர்" என்றும். எல்லாம் மகாராஜன் சொன்னது. டீச்சர் கடைசியில் பேனாவை மூடிவிட்டுச் சொன்னாள்:

"அண்ணே, பிள்ளட்ட ஒண்ணு கேட்டா, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அது வரைக்கும் நீங்க பேசக் கூடாது."

"பத்தா?" என்றான் மகாராஜன். பஸ் வரும்வரை அந்த எண்ணிக்கையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

டீச்சர் ஒரு செயலியின் பேரும் எழுதிக் கொடுத்திருந்தாள். டேப்லெட்டில் கட்டம் கட்டமாகப் படம் இருக்கும். தண்ணீர்ப் படத்தைத் தொட்டால் அது தண்ணீர் என்று சொல்லும். இதில் தட்டிப் பழகிவிட்டால் பிள்ளை வாயே திறக்காதோ என்று தனலட்சுமி கேட்டதற்கு, சொல்ல நினைத்தது அடுத்தவருக்குப் போய்ச் சேருகிற ருசி தெரிந்தால் வாயும் பின்னால் வரும், பயப்பட வேண்டாம் என்றாள் டீச்சர். தாஜ் முகம்மது செல்போன் கடையில் பழைய டேப்லெட் ஒன்று வாங்கினார்கள். அதில் ஒரு பெண்குரல் இருந்தது. "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று அது சொன்னபோது, செய்தி வாசிக்க வந்தவள் தாகம் எடுத்துக் கேட்கிற மாதிரி இருந்தது. பேச்சி ஒருமுறை தொட்டுவிட்டு, வீட்டுக்குள் யாரோ வந்துவிட்டார்கள் என்று கதவுப் பக்கம் பார்த்தாள். பிறகு தொடவில்லை.

வீட்டுக் குரலிலேயே பதிந்துகொள்ளலாம் என்று டீச்சர் போனில் சொன்னாள். மகாராஜனுக்கு இந்தக் காரியத்தில் முதல்முறையாகத் தெம்பு வந்தது. குரல் பதிவது அவன் தொழில். டேப்லெட்டைப் பாத்திரக்கடை விளம்பரம் பதிகிற அறைக்கு எடுத்துப்போய், ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அறுபது கட்டங்களையும் முடித்துவிட்டு வந்தான். பேச்சி தண்ணீரைத் தொட்டாள். "தண்ணீர்... தண்ணீர்... தண்ணீர்" என்று எதிரொலியோடு மூன்று முறை முழங்கிற்று. இட்லிக்கு முன்னால் ஒரு நாதஸ்வரம் இருந்தது. கக்கூஸ் படத்துக்கு, "அன்புப் பெற்றோர்களே" என்று ஆரம்பம். பேச்சி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போனாள். பீடி இலையை வெட்டிக்கொண்டிருந்த தனலட்சுமி கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் வராமல் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அன்று சாயங்காலமே அவள் அறுபதையும் அழித்துவிட்டு, இலை நறுக்கிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொல்லிப் பதிந்தாள். தண்ணி. இட்லி. வா. போதும். என்னோடது. பின்னணியில் கத்தரிச் சத்தம் கேட்டது.

மகாராஜனுக்கு அது வருத்தம்தான். வீட்டுக் குரலில் சொல்லுங்க என்று டீச்சர் சொன்னதை நினைத்துப் பார்த்தான். குளிக்கிற இடத்தில் ரகசியமாகச் சொல்லிப் பார்த்தான். பூனையிடம் சொல்லிப் பார்த்தான். எப்படிச் சொன்னாலும் விளக்குக் கம்பத்தில் கட்டின குழாயிலிருந்து வருகிற மாதிரியே வந்தது. அந்தப் பத்து எண்ணிக்கையும் அவனுக்குக் கைகூடவில்லை. மூன்று வரை போவான். நான்கில் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பான். பாவமாக இருக்கும். ஐந்தில் பதில் சொல்லிவிடுவான். ஆனி முடிகிறவரை இப்படியே போயிற்று. பேச்சி டேப்லெட்டை ஓரமாக வைத்து அதன்மேல் பொம்மைகளைத் தூங்கவைத்தாள்.

ஆடிக் கொடைகள் வந்தன. மூன்று வாரத்தில் பதினோரு ஊர். கடைசி வெள்ளிக்கிழமை பொங்கல் வைக்கிற நேரத்தில், "பக்த" என்று சொன்னான், "கோடி" வரவில்லை. காற்றுதான் வந்தது. சோடா குடித்தான், மிளகு மென்றான். ஒன்றும் நடக்கவில்லை. எப்போதடா என்று காத்திருந்த சிவகணேஷ், மகாராஜனிடமே தொழில் கற்ற பையன், மைக்கை மரியாதையாக வாங்கிக்கொண்டு மிச்சத்தைப் பேசி முடித்தான். மறுநாள் திருநெல்வேலியில் தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல்நாண் வீங்கியிருக்கிறது, பத்து நாளைக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது, குசுகுசுப்பதும் கூடாது, அது இன்னும் கெடுதல் என்றார். மீறினால் என்ன ஆகும் என்று மகாராஜன் சைகையால் கேட்டான். "வேற தொழில் பாக்க வேண்டியதுதான்" என்றார் டாக்டர்.

முதல் நாள் அவன் சைகை காட்டினான். சோறு என்று காட்டினதை தனலட்சுமி பல்வலி என்று எடுத்துக்கொண்டு கிராம்பு கொண்டுவந்தாள். எழுதிக் காட்டலாமென்றால், பேசின அளவுக்கு அவன் எழுதினவனில்லை. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. இரண்டாம் நாள் மத்தியானம், தாகம் தாங்காமல், பொம்மைகளை மெதுவாகத் தள்ளிப்படுக்கவைத்துவிட்டு டேப்லெட்டை எடுத்துத் தண்ணீர்ப் படத்தைத் தொட்டான். தனலட்சுமியின் குரல் "தண்ணி" என்றது. அடுப்படியிலிருந்து தனலட்சுமி தண்ணீரோடு வந்தாள். தன் குரலே தன்னைக் கூப்பிட்டதில் அவள் கொஞ்சம் திகைத்துத்தான் போனாள்.

மூலையிலிருந்து பேச்சி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா தொட்டதும், அம்மா வந்ததும், டம்ளர் வந்ததும். எழுந்து வந்தாள். டேப்லெட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். மகாராஜனுக்கு இன்னும் டீ கேட்க வேண்டியிருந்தது, விடவில்லை. பேச்சி விரலை நீட்டி ஒரு கட்டத்தைத் தேடித் தேடித் தொட்டாள்.

"என்னோடது" என்றது டேப்லெட்.

மகாராஜன் கையெடுத்துவிட்டான். நாலு வருடத்தில் மகள் அவனிடம் சொன்ன முதல் சொல், அவனைத் திட்டின சொல். பதிலுக்கு அவனிடம் சொல்ல நூறு இருந்தது. தொண்டைக்குள் ஒவ்வொன்றாக வந்து முட்டிவிட்டுத் திரும்பிப் போயிற்று. தனலட்சுமி மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஆமா, பிள்ளயோடதுதான" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் டேப்லெட்டுக்கு வரிசை நின்றது. டீ வேண்டுமென்றால் மகாராஜன் பேச்சியிடம் போய்க் குந்தி, கையை நீட்ட வேண்டும். அவள் யோசித்துக் கொடுப்பாள். சில நேரம் அவன் தொடுமுன் அவளே தொட்டுவிடுவாள். டீக்கு நின்றவனுக்கு மூன்றுமுறை இட்லி வந்தது, அவனும் மறுப்புச் சொல்ல வழியில்லாமல் தின்றான். பிறகு போதும் என்கிற கட்டத்தைக் கண்டுபிடித்தான். பேச்சிக்கு அது பிடித்துப்போயிற்று. இவன் ஒன்று தொட, அவள் ஒன்று தொட, சாயங்காலம் முழுக்க அப்பனும் மகளும் அம்மா குரலில் பேசிக்கொண்டார்கள். பத்து எண்ண வேண்டிய அவசியமே இல்லை. அவனுக்கு வேறு வழி கிடையாது. அவள் ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் யோசிக்கிறாள் என்று அப்போதுதான் அவன் பார்த்தான். உதடு குவியும், விரியும், விரல் நகரும், திரும்பி வரும். ஒருமுறை கணக்கு வைத்துப் பார்த்தான். பதினாறு. இவ்வளவு நாளும் பாதி வழியிலேயே குறுக்கே விழுந்திருக்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. ஆறாம் நாளிலிருந்து படத்தைத் தொடும்போது அவளிடமிருந்து சின்னச் சின்னச் சத்தம் வந்தது. தண்ணிக்கு ஒரு 'ண்', வாவுக்கு ஒரு காற்று. போனில் இதைக் கேட்ட டீச்சர், ஒன்றும் சொல்லாதீர்கள், கூட்டம் போட்டுக் கைதட்டாதீர்கள், இப்படியே இருங்கள் என்றாள்.

ஒன்பதாம் நாள் காலையில் மகாராஜன் ஆற்றில் முங்கி எழுந்தபோது, குளிருக்கு "ஸ்ஸப்பா" என்றான். குரல் வந்துவிட்டது. சுற்றிலும் பார்த்துவிட்டு, கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி, பைய, "பேச்சி" என்று சொல்லிப் பார்த்தான். சின்னதாக, கொஞ்சம் உடைந்தாற்போல, பக்கத்தில் இருக்கிறவருக்கு மட்டும் கேட்கிற குரல். அது தன்னுடையதுதானா என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தான். பிறகு வீட்டுக்குப் போய், யாரிடமும் சொல்லாமல், டீக்காக மகளிடம் கை நீட்டினான்.

பத்தாம் நாள் போயிற்று. பதினொன்றும் போயிற்று. தனலட்சுமி அவனை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தாள். பன்னிரண்டாம் நாள் காலையில் அப்பாத்துரை அண்ணாச்சி வந்தார். மரச்சாமான் கடை திறக்கப்போகிறார். நாளைக்குச் சேரன்மகாதேவி வரை மகாராஜன் குரல்தான் போக வேண்டும், அந்தச் சிவகணேஷ் பய பேசினால் கட்டில் விற்காது என்றார். வரவேற்கிறவர்கள் பேரை ஏழு பக்கத்துக்குத் தன் கையாலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஒரு பேர் விட்டுப்போனாலும் சம்பந்தி வீட்டில் சண்டை வரும், வேறு பிரதி கிடையாது, பார்த்துக்கொள் என்று கொடுத்துவிட்டுப் போனார். மகாராஜன் தலையை ஆட்டி வாங்கி, ஆட்டோ சீட்டில் வைத்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு உள்ளே வந்து, சீலிங் பேன் கழற்ற ஏணியில் ஏறினான்.

கீழே டேப்லெட் "வா" என்றது. திருகாணி வாயிலிருந்ததால் அவன் திரும்பவில்லை. "வா" என்றது மறுபடியும். இதோ என்று கையை மட்டும் காட்டினான். "வா, வா, வா" என்று கத்தரிச் சத்தத்தோடு வந்தது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம்,

"லே."

மகாராஜன் ஏணியிலிருந்து எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. அது டேப்லெட்டில் இல்லாத சொல். அறுபது கட்டத்தில் எதிலும் இல்லை. அடுப்படி வாசலில் தனலட்சுமி மாவுக் கையோடு வந்து நின்றாள்.

"அப்பாவப் போயி லேங்கா" என்றாள். கண்டிக்கத்தான் வந்தாள், இன்னொரு தடவை சொல்லுமா என்று பிள்ளை வாயையே பார்த்தாள்.

பேச்சிக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை. அப்பன் சட்டையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துப்போனாள். கம்பி வழியாகத் தெருவைக் காட்டினாள். ஆட்டோவின் பின்சீட்டில் முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, மேலத்தெரு வெள்ளாடு ஒன்று நின்றது. கல் கீழே கிடந்தது. முதல் பக்கம் ஏற்கெனவே போய்விட்டது. இரண்டாம் பக்கம் வாயில் பாதியும் வெளியே பாதியுமாக, அப்பாத்துரை அண்ணாச்சியின் மைத்துனர்கள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

மகாராஜனுக்குக் குரல் இருந்தது. ஒரு அதட்டல் போதும், ஆடு ஆற்றங்கரையில்தான் போய் நிற்கும். வாயையும் திறந்துவிட்டான். பக்கத்தில் பேச்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். உதடு குவிந்தது. விரிந்தது. தொண்டைக்குள் ஏதோ உருண்டது. அவள் தேடுகிற சொல் அவன் நாக்கு நுனியில் ரெடியாக நின்றது, இரண்டே எழுத்து. அவன் வாயை மூடிக்கொண்டான். தனலட்சுமியும் பின்னால் வந்து, மாவுக் கையை யார்மேலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

ஆடு தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தது. மூன்று பேரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு மெல்லுவதைச் சற்று நிறுத்திற்று. யாரும் ஒன்றும் சொல்லாமல் இருக்கவே, சாவகாசமாகக் குனிந்து மூன்றாம் பக்கத்தை எடுத்தது.