கயிறு கட்டாத கப்பல்

ஃபிட்டருக்குப் பிடிவாதம் அதிகம் என்று தெருவுக்கே தெரியும். ஆனால் அதை ஒரு மரக்கப்பல் மேல் காட்டுவார் என்று அவர் மனைவிகூட நினைக்கவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு பின்னறையில் ஆரம்பித்தார். கட்டில் நீளத்துக்கு ஒரு பாய்மரக் கப்பல்! கடையில் பெட்டியாக வாங்கி ஒட்டுகிற சமாச்சாரமில்லை. பலகையை அவரே அறுத்து, இழைத்து, ஆவி காட்டி வளைத்து, சட்டங்களின் மேல் வரிசையாக ஒட்டினார்.

மனைவி தையல்காரி. "பாய்மரத்துக் கயிறெல்லாம் நான்தான் கட்டுவேன், ஆமா சொல்லிட்டேன்," என்று அன்றே பேசி வைத்துக்கொண்டாள். நூலுக்கு மெழுகு தடவி, உருண்டை உருண்டையாகச் சுற்றி பிஸ்கட் டப்பாவில் போட்டாள்.

"சரி தாயே, உனக்குத்தான்," என்றார் ஃபிட்டர். ஆனால் கயிறு கடைசி வேலை. கப்பலின் உடல் முடிந்து, பாய்மரம் நட்ட பிறகுதான்.

உடல் முடிந்தது. அவள் முழுசாகத் தடவிப் பார்த்து, "அம்சமா இருக்குங்க. டப்பாவை எடுத்துட்டு வரட்டுமா?" என்றாள்.

"இரு இரு." கப்பலுக்குள் ஒரு பல்பை எரியவிட்டு அறை விளக்கை அணைத்தார். பலகை இடுக்கில் மயிரிழை வெளிச்சம் கசிந்தது. போயிற்று! அத்தனை பலகையையும் பிரித்தார்.

மறுபடி ஒட்டினார். மறுபடி பல்பு. மறுபடி பிரித்தார்.

மனைவியின் தம்பிக்குப் பொறுக்கவில்லை. "மாமா, இது தண்ணியில எறங்கப் போறதில்ல, மேசையில உக்காரப் போகுது. அதுக்கு ஏன் இந்தப் பாடு?"

"நூல் பிசகினாலும் தப்பு தப்புதான் மாப்ளே."

அந்த நாட்களில்தான் அவள் சொன்னாள், "ஊசி கோக்க முடியலைங்க. எல்லாம் மங்கலா தெரியுது." சர்க்கரை நோய்க்காரி அவள்.

"இந்த வரிசை முடியட்டும், டாக்டர்கிட்ட போவோம்."

அந்த வரிசை முடிந்து அடுத்தது வந்தது. மயிரிழை வெளிச்சத்தைக் கண்டுபிடிக்கிற மனுஷனுக்கு, வீட்டுக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பது கண்ணில் படவில்லை. என்ன சொல்லித் திட்டுவது இந்த ஆளை? கடைசியில் போனபோது டாக்டர், "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே," என்றார். போன பார்வை போனதுதான்.

பல மாதம் ஃபிட்டர் அந்த அறைப் பக்கமே போகவில்லை. "முடிச்சிடுங்க, எனக்காக," என்று அவள்தான் விரட்டினாள். முடித்தார். பாய்மரமும் நட்டார். இந்த முறை பல்பு போட்டபோது பொட்டு வெளிச்சம்கூடக் கசியவில்லை. அதைக் காட்ட ஆள் இல்லை.

அவளைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து கப்பல் பக்கத்தில் உட்கார வைத்தார். அவள் முனையிலிருந்து முனைவரை தடவினாள்.

"வழவழன்னு இருக்கு. மொதல் தடவையும் இப்படித்தானேங்க இருந்துச்சு?"

குத்தலே இல்லாமல் கேட்டாள்.

"சரி, நூலைக் குடுங்க."

டப்பாவைத் திறந்து உருண்டையை அவள் கையில் வைத்தார். பாய்மரத்தைத் துழாவிப் பிடித்து, நெடுநேரம் போராடி ஒரு முடிச்சுப் போட்டாள்.

"கோணலா இருந்தா சொல்லுங்க, பிரிச்சிடலாம்."

கோணலாகத்தான் இருந்தது.

"வேணாம்மா." அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இனிமே எதையும் பிரிக்க வேணாம்."