அடங்காத குழம்பு

கப்பலில் எல்லோரும் அவரை அண்ணி என்றே அழைத்தார்கள். கடலடி இயந்திரத்தைக் கப்பலிலிருந்தபடி ஓட்டுபவன் அவருடைய கணவரின் தம்பி. அவன் கூப்பிடுவதைக் கேட்டுச் சமையல்காரர் வரை அப்படியே பழகிவிட்டது. இயந்திரக் கைகளை லாவகமாக ஆட்டுவதால் அவனுக்கு நண்டு என்று பெயர்.

அண்ணி பாறை ஆராய்ச்சியாளர். இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், மூன்று வாரங்களுக்கு முன் எரிமலைக் குழம்பு வழிந்த தரையைப் பார்க்க வந்திருந்தார்கள். குழம்பு அடங்கிவிட்டது, மறுநாள் காலை நீர்மூழ்கியில் இருவர் அதன்மேல் போய் இறங்கலாம் என்றார் பயணத் தலைவர். அண்ணிக்கு மனம் ஒப்பவில்லை.

கட்டுப்பாட்டு அறைத் திரையில், கீழே போன இயந்திரம் காட்டிய படம்: தலையணைகளைக் குவித்ததுபோல் கரும்பாறைகள். அவற்றின்மேல் வலைபோல் மெல்லிய கீறல்கள். குளிர்ந்த நீர் பட்டு மேல்தோல் சட்டெனச் சுருங்கியதால் வந்தவை அவை. ஆனால் ஒரு பாறையின் முதுகில் மட்டும் நேராக, நீளமாக ஒரு வெடிப்பு. உள்ளே குழம்பு ஊதி முட்டினால்தான் அப்படிப் பிளக்கும் என்றார் அண்ணி.

இயந்திரக் கையின் நுனியில் பொருத்திய வெப்பமானியை அதற்குள் விடச் சொன்னார். நண்டு இயந்திரத்தைப் பாறைமேல் இறக்கிக் கையை நீட்டினான். திரையின் ஓரத்தில் வெப்பம் காட்டும் எண் நாற்பது டிகிரியில் தொடங்கி நூறைத் தாண்டியது. பிறகு இருநூறு. தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

திரை குலுங்கியது. வெடிப்பின் ஒரு விளிம்பு உயர்ந்து, உள்ளே போன கையைக் கவ்விக்கொண்டது.

நண்டு இழுத்தான். அசையவில்லை. இயந்திரக் கையை மணிக்கட்டோடு கழற்றிவிட்டால் தப்பலாம், ஆனால் வெப்பமானி போய்விடும். அதை அண்ணி இரண்டு வருடம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து செய்ததை அவன் பார்த்திருக்கிறான். மறுபடி இழுத்தான். எண் ஐந்நூறு.

"இன்னும் ஒரு நிமிஷம் அண்ணி, எடுத்துடறேன்."

"வேணாம்டா. கையைக் கழட்டு."

"ரெண்டு வருஷ உழைப்பு, அண்ணி."

"அது என் தலைவலி. நீ முதல்ல மேல தூக்கு."

பொத்தானை அழுத்தினான். இயந்திரம் துள்ளி எழுந்தது. எண் அறுநூறைத் தொட்டு அணைந்தது. அடுத்த நொடி வெடிப்பு முழ அகலத்துக்கு வாய் பிளந்தது, உள்ளே சிவப்பு. கண்ணிமைக்கும் நேரத்தில் அதன்மேல் கருந்தோல் படர்ந்தது, நடுவில் கிழிந்தது, மீண்டும் சிவந்து கறுத்தது. இயந்திரம் நின்றிருந்த பாறை மெல்லச் சரிந்து உள்ளே போனது.

தலைவர் தொலைபேசியை எடுத்து, நாளை யாரும் கீழே போக வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, அண்ணியைப் பார்த்துத் தலையசைத்தார்.

நண்டின் விரல்கள் இயந்திரத்தை ஓட்டும் பிடியை இன்னும் விடவில்லை. அண்ணி அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.