ஆயுத பூசைக்கு அணைத்த ஃப்ரீசர்

காளீஸ்வரனுக்கு வயது முப்பத்து நான்கு. அதில் கடைசி ஆறு வருடங்களை எலியின் வீக்கத்தைக் குறைப்பதில் செலவழித்திருந்தான். முழு எலிகூட இல்லை, தட்டில் வளர்க்கும் எலியின் செல்கள். சாயல்குடிப் பக்கம் மிளகாய் போடும் அவன் அய்யா பூமிநாதனிடம், மகன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால், இன்னும் படிக்கிறான் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார். அவரை நினைத்தால் காளீஸ்வரனுக்கே பாவமாக இருக்கும்.

ராமநாதபுரத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில், கடல்பாசிச் சாறு வீக்கத்தை அடக்குமா என்று பார்ப்பதுதான் அவன் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு புரதம் வாங்குவான். எலியின் உடம்பு தன் வீக்கத்தைத் தானே அடக்கச் சுரக்கும் புரதம் அது. அதற்கான மரபணுவை பாக்டீரியாவுக்குள் புகுத்தி, அந்தப் புரதத்தைச் செய்ய வைத்து, சுத்தம் பண்ணிக் குப்பியில் அனுப்புகிறார்கள். குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியாது. அந்தக் கண்ணுக்குத் தெரியாததுதான் ஒவ்வொரு முறையும் அவன் சாற்றை மண்ணைக் கவ்வ வைத்தது. சாறு வீக்கத்தைப் பாதி குறைத்தால் புரதம் முக்கால்வாசி குறைத்துவிடும். இருப்பதைவிட மட்டமான ஒன்றைக் கண்டுபிடித்த முதல் விஞ்ஞானி நான்தான் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். டிசம்பருக்குள் ஆய்வேட்டை முடித்தாக வேண்டும் என்ற நினைப்பு வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

அந்த வருடம் ஆய்வுக்கூடத்து ஆயுத பூசைப் பொறுப்பை அவனே இழுத்துப் போட்டுக்கொண்டான். அன்றைக்கு எந்த எந்திரமும் ஓடக் கூடாது என்பது அவன் வீட்டு வழக்கம். டிராக்டரையும் பம்புசெட்டையும் கழுவிப் பொட்டு வைத்து ஓய்வு கொடுப்பார்கள். அதே பக்தியோடு ஃப்ரீசரையும் அணைத்தான், துடைத்தான், சந்தனம் குங்குமம் வைத்தான். பத்து நிமிடத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்று உள்ளே இருந்ததை எடுக்கவில்லை. பூசை முடிந்தது, பொரியும் கடலையும் வந்தது, சாயல்குடி பஸ்ஸும் வந்தது. காளீஸ்வரன் அப்படியே ஊருக்குப் போய்விட்டான்.

மூன்று நாள் விடுமுறை கழிந்து வந்து ஆய்வுக்கூடக் கதவைத் திறந்தால் வெக்கை முகத்தில் அடித்தது. ஃப்ரீசருக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது, அதன் நெற்றியில் குங்குமம் மட்டும் அழியாமல் இருந்தது. அவன் அக்கம்பக்கம் பார்த்தான். சுவிட்சைப் போட்டான், தரையைத் துடைத்தான், வாயை மூடிக்கொண்டான்.

அடுத்த வாரச் சோதனையில் சாறு ஜெயித்தது. வழக்கம்போல அது பாதி குறைத்திருந்தது. புரதம் அசையவே இல்லை. வழிகாட்டிப் பேராசிரியர் கனகலட்சுமி வரைபடத்தை இரண்டு தரம் பார்த்துவிட்டு, எழுத ஆரம்பிக்கச் சொன்னார். காளீஸ்வரன் அன்றே அய்யாவுக்குப் போன் போட்டு, முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டான்.

ஆனால் எழுத உட்கார்ந்தால் விரல் நகரவில்லை. செத்த பாம்பை அடித்துவிட்டு மீசை முறுக்குகிறவன் தான் என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். ஒருவனுக்குத் தெரிந்ததே அதிகமாக இருந்தது. நான்காம் நாள் காலை கனகலட்சுமியின் அறைக்குப் போய், பொட்டு வைத்ததிலிருந்து தரை துடைத்தது வரை ஒப்பித்தான்.

அவர் திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"காளி, புரதம் வெந்துபோச்சு, சரி. உன் சாறு எங்க இருந்துச்சு?"

"அதே ஃப்ரீசர்லதான் மேடம். அதுவும் மூணு நாளா அங்கனதான்..."

பாதியில் நின்றான். மூன்று நாள் வெக்கையில் கிடந்த சாறு, எப்போதும் குறைக்கும் அதே பாதியைக் குறைத்திருந்தது. ஆறு வருடமாகச் சாற்றைப் புரதத்தை முந்த வைக்கப் பார்த்தானே தவிர, ஐஸ் இல்லாமல் புரதத்தால் நிற்க முடியாது, தன் சாற்றால் முடியும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அதைத்தான் தரையோடு சேர்த்துத் துடைத்து மறைத்திருந்தான். வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்ததில், மேடம் சொல்லாமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டான்.

புதிதாகக் குப்பி வாங்கி, இரண்டையும் குளிரிலும் வெயிலிலும் வைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யச் சொன்னார் கனகலட்சுமி. டிசம்பரில் முடியாது, ஒரு வருடம் நீட்டிப்புக் கேட்டு எழுது என்றார்.

அய்யாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. இன்னும் ஒரு வருடம் ஆகும் என்று போனில் சொன்னான்.

"டாக்டர்னு போட்டு ஃப்ளெக்ஸ் அடிச்சிட்டேன்லே," என்றார் பூமிநாதன். பிறகு அவரே சொன்னார்: "பரவால்ல, அதுல வருசம் போடல. சுருட்டி வைக்கிறேன்."

காளீஸ்வரன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே அழுதான்.