எழுதிக்கொண்டு போன வார்த்தை

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு மாதா கோவிலின் பின்பக்க அறையில் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். அந்த எட்டுப் பேரில் ஆண்டவரோடு யாருக்கு நெருக்கம் அதிகம் என்று கேட்டால், மற்ற ஏழு பேரும் ஒரே ஆளைத்தான் காட்டுவார்கள். அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஐம்பத்திரண்டு வயது. வண்டி ஓட்டத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் பகல் முழுக்க உட்கார்ந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பிழைப்பு நடத்துகிறவர். அவருக்குக் கடவுள் நெருக்கமாக இல்லாமல் வேறு யாருக்கு இருப்பார் என்று வட்டத்தில் ஒரு கிண்டல்கூட உண்டு.

தியானம் நடக்கும் முறை எளியது. நடத்துகிற சிஸ்டர் நற்செய்தியிலிருந்து ஒரு சின்னப் பகுதியை நிதானமாக வாசிப்பார். பத்து நிமிஷம் மௌனம். அதே பகுதியை மறுபடி வாசிப்பார். மறுபடி பத்து நிமிஷம். மூன்றாவது தடவையும் அப்படியே. கடைசியில் ஒவ்வொருவரும் தன் மனதைத் தொட்ட ஒரு வார்த்தையை மட்டும் சொல்ல வேண்டும். விளக்கம் கூடாது, பிரசங்கம் கூடவே கூடாது. சிஸ்டர் அதில் ரொம்பக் கறார்.

மாஸ்டர் சேர்ந்த முதல் வாரம் அந்த முப்பது நிமிஷத்தையும் கிளட்ச் தேய்ந்த வண்டியைப் பற்றி யோசித்தே ஓட்டிவிட்டார். முறை வந்தபோது அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாயில் வந்ததைச் சொன்னார். "காத்திரு" என்று சொன்னதாக ஞாபகம். உடனே வட்டத்தில் இருந்த நாலைந்து பேர் மூச்சை இழுத்து "ம்ம்..." என்றார்கள். ஏதோ அவர் கிணற்றின் அடியிலிருந்து ரத்தினத்தை எடுத்துக் கொடுத்த மாதிரி!

அந்த "ம்ம்"தான் மாஸ்டரைக் கெடுத்தது. நாள் முழுக்க "பிரேக்! பிரேக்!" என்று தொண்டை கிழியக் கத்துகிற மனுஷனுக்கு, ஒரு வார்த்தையை மெல்லச் சொன்னாலே இத்தனை பேர் உருகுகிறார்கள் என்றால் ருசிக்காமல் இருக்குமா? அந்த மாதத்துக்கு என்னென்ன பகுதி என்று சிஸ்டர் ஒரு பட்டியலை அறைக் கதவில் ஒட்டுவது வழக்கம். மாஸ்டர் அதை எழுதி எடுத்துக்கொண்டு போய் வீட்டில் உட்கார்ந்து தயார் செய்ய ஆரம்பித்தார். ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில், தேதி போட்டு, வார்த்தையை எழுதி, அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்றும் பக்கத்தில் குறித்துக்கொள்வார். அவர் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "என்னங்க, பரீட்சையா?" என்று கேட்டாள். அவர் நோட்டை மூடினார்.

ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது. தியானத்துக்குப் போய் ஒன்றரை வருஷமாக ஒரு நிமிஷம்கூடத் தியானம் செய்யாமல் வீடு திரும்பிய ஒரே மனுஷன் அவராகத்தான் இருப்பார்.

அப்படியிருக்க ஒரு வியாழக்கிழமைக்கு, பட்டியல்படி, நடக்க முடியாதவனைப் படுக்கையோடு கூரையைப் பிரித்து இறக்கிய கதை. இயேசு அவனைக் குணமாக்கி வீட்டுக்கு அனுப்புவார். மாஸ்டர் "வீட்டுக்குப் போ" என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தார். "போ"வுக்கு முன்னால் சின்ன நிறுத்தம் என்றும் எழுதியிருந்தார். அன்றைக்கு மழை கொட்டித் தீர்த்தது. நனைந்த குடையோடு வந்த சிஸ்டர், "வெளியில இப்படி அடிக்குது. பட்டியலை விட்டுட்டு, இயேசு படகுல தலையணை வச்சுத் தூங்கறப்ப புயல் வந்த பகுதியை எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். மாஸ்டரும் ஆட்டினார். ஆனால் காது அங்கே இல்லை. உள்ளுக்குள் நிறுத்தத்தை அளந்துகொண்டிருந்தார்.

சிஸ்டர் புயலை மூன்று தடவை வாசித்தார். மூன்று தடவையும் மாஸ்டர் காதில் ஒரு சொல்கூட விழவில்லை.

முதலில் வட்டத்தில் இருந்த ஒரு நர்ஸ், "பயம்" என்றாள். நடக்க முடியாதவனுக்குப் பயம் இருக்காதா என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். அடுத்து இருந்த மளிகைக்கடைக்காரர், "தலையணை" என்றார். இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள். படுக்கை என்றால் தலையணையும் இருக்கத்தானே செய்யும் என்று மாஸ்டர் அதையும் சமாதானம் செய்துகொண்டார். அவர் முறை வந்தது. குரலைத் தாழ்த்தி, சரியான இடத்தில் நிறுத்தி, சொன்னார்.

"வீட்டுக்குப்... போ."

"ம்ம்" வரவில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. மாஸ்டர் கண்ணைத் திறந்தார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிஸ்டரின் மடியில் திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தார், படகு ஓவியம் தெரிந்தது. சிஸ்டர் மெதுவாக, "வாசிச்ச பகுதியில அப்படி ஒரு வார்த்தை இல்லையே மாஸ்டர்" என்றார். பிறகு, தானே தலையசைத்து, "பரவாயில்லை. சில சமயம் ஆண்டவர் நம்ம புத்தகத்துக்கு வெளியேயும் பேசுவார்" என்று முடித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில், "மன்னிச்சிருங்க சிஸ்டர், நான் கவனிக்கலை" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நாலு பேர் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான். மாஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். பெரிய அருள் இறங்கியவர் குனிகிற மாதிரி. பின்னாளில் அவரை ராத்திரி பகலாகக் குடைந்தது அந்தப் பொய்கூட இல்லை, அந்தக் குனிவுதான்.

எதிர் நாற்காலியில் சலவைக்கடைப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவள் எட்டு மாதமாகச் சலவைக்கடைக்கு மேலே ஒரே அறையில் தனியாக இருக்கிறாள். கீழே ஹோட்டல் விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலை. புருஷன் வீட்டில் எட்டு வருஷம் இருந்துவிட்டு, ஒரு பையோடு வந்தவள். அவளுடைய இடது முழங்கை முழுசாக நீளாது. ஏன் என்று வட்டத்தில் யாரும் கேட்டதில்லை, எல்லாருக்கும் தெரியும்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது. மாஸ்டர் அப்போது பக்கத்து சீட்டில் இருந்தார். புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஸ்டியரிங்கைக் கழுத்தை நெரிப்பதுபோல் பிடித்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன். இன்னைக்கு மூணு மணிக்கு என் வீட்டுக்காரர் வந்து கூட்டிட்டுப் போறார். ரெண்டு மாசமா வா வான்னு கெஞ்சிட்டிருந்தார், நான்தான் ஆண்டவர் ஒரு வார்த்தை சொல்லட்டும்னு காத்துட்டிருந்தேன். உங்க வாயால சொல்லிட்டார்."

மாஸ்டரின் கால் தன்னாலே அவர் பக்கத்துக்கென்று தனியாக இருந்த பிரேக்கில் அழுந்தியது. வண்டி நடுரோட்டில் குலுங்கி நின்றது.

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்?" என்றார் ஓட்டியவர்.

"நீங்க ஒண்ணும் பண்ணலை. ஓரமா நிறுத்துங்க."

வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்தார். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார், சொல்லும்போதே வியர்த்துக் கொட்டியது. அவள் துவைத்த துணியை மடிப்பதை நிறுத்திவிட்டு முழுசாகக் கேட்டாள். "அந்தப் பொண்ணு அங்க போய் அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்றாள். பிறகு, "நான் கூட வர மாட்டேன். நீங்க மட்டும் போங்க" என்றாள்.

சலவைக்கடையின் மாடிப்படியில் சோப்பு வாசனையும் நீராவியும் மூச்சை அடைத்தன. அறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலின் மேல் இரண்டு பை, கட்டி வைத்துத் தயாராக. அவள் தலை வாரி, நல்ல உடை உடுத்தியிருந்தாள்.

"வாங்கண்ணா! வழியனுப்ப வந்தீங்களா?"

மாஸ்டர் உட்கார்ந்தார். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. மானம் அவ்வளவு சுலபமாக விடுமா? வேறு வழியில் நுழையப் பார்த்தார். "அந்த வார்த்தை உனக்குன்னு எடுத்துக்க வேண்டாம்மா. வீடுன்னா... வேற அர்த்தம்கூட இருக்கலாம். நித்திய வீடு, அந்த மாதிரி."

அவள் சிரித்தாள். "விளக்கம் சொல்லக் கூடாதுன்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்கல்ல? என் வீட்டுக்காரர் மாறிட்டேன்னு சொல்றதை நான் நம்பலைண்ணா. ஆனா ஆண்டவரே போன்னு சொன்னப்புறம் முடியாதுன்னு சொல்ல நான் யாரு?"

இதற்கு மேல் மாஸ்டரால் சுற்றி வளைக்க முடியவில்லை. "ஆண்டவர் சொல்லலைம்மா. நான் வீட்டிலேயே எழுதிட்டு வந்தேன்" என்றார். அவளுக்குப் புரியவில்லை. நோட்டை எடுத்து நீட்டினார். அவள் வாங்குவதற்குள் அது நழுவித் தரையில் விழுந்தது. அவளே குனிந்து எடுத்தாள்.

நின்றபடியே வாசித்தாள். போன வியாழக்கிழமையின் தேதி, வார்த்தை, நிறுத்தம். அதற்கு முந்தைய வாரம். அதற்கும் முந்தையது. பக்கத்தைப் பின்னால் பின்னால் திருப்பிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது. மாஸ்டருக்கு அது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

அவள் சத்தமாக வாசித்தாள். "'மகளே. கண் மூடியபடி. வட்டத்தில் பெண்கள் அதிகம், எடுபடும்.'"

கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதில் பெரிய எழுத்தில் "மகளே" என்று எழுதியிருந்தது. மாஸ்டர் உள்ளே வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இங்க வந்த புதுசு அது. செத்துடலாம்னு இருந்தேன். நீங்க அதைச் சொன்னப்புறம்தான் அந்த வாரம் சாப்பிட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் மாஸ்டருக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"மன்னிச்சிரும்மா."

"ஒண்ணு கேக்கறேன். உங்களுக்கு ஒரு தடவையாவது அங்க ஏதாவது கேட்டிருக்கா?"

"இல்லை."

"ஒரு தடவைகூட?"

"நான் கேட்டுப் பார்த்ததே இல்லைம்மா."

அவள் பைகளைத் தள்ளிவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "எனக்குக் கேக்கும்" என்றாள். "கண்ணை மூடினா போதும். போகாத, போகாதன்னு. ஒவ்வொரு வாரமும். வயித்துக்குள்ள இருந்து. அது என் பயம்னு நெனச்சு அமுக்கி வச்சேன். என்னை மாதிரி ஆளோட ஆண்டவர் எதுக்குப் பேசப் போறார், பேசினா மாஸ்டர் மாதிரி ஆளோடதான் பேசுவார்னு நெனச்சேன்."

மாஸ்டருக்கு அழுகை வந்தது. அதையும் காட்டக் கூசினார். இந்த இடத்தில் அழுவதுகூட இன்னொரு நடிப்பாகத் தெரியுமோ என்று பயந்தார்.

கீழே கார் ஹாரன் அடித்தது. அவள் உடம்பு ஒரு முறை துள்ளி அடங்கியது. "கடவுள் சொல்லித்தான் வர்றேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேனே" என்றாள்.

"நான் போய்ச் சொல்றேன்" என்று மாஸ்டர் எழுந்தார்.

காருக்குப் பக்கத்தில் நின்றவன் மழுங்கச் சிரைத்து, சட்டையைத் தேய்த்து உடுத்தி, பார்ப்பதற்கு வங்கி மேனேஜர் மாதிரி இருந்தான். மாஸ்டரைக் கண்டதும் முகம் மலர்ந்தான். "டிரைவிங் மாஸ்டர் தானே சார்? சொன்னா. உங்க ஜெபம்தான் எங்க குடும்பத்தைச் சேர்த்து வச்சிருக்கு" என்று மாஸ்டரின் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். ஒன்றரை வருஷமாக வாங்கிய "ம்ம்" எல்லாம் சேர்ந்து கடைசியில் இந்த ஆளின் நன்றியாக வந்து நின்றதே என்று மாஸ்டர் நொந்துபோனார்.

"அது கடவுள் சொன்னது இல்லைங்க. நான் சொன்ன பொய். நல்ல பேர் வாங்கறதுக்காகச் சொன்னது. அவங்க வர மாட்டாங்க."

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. பிடி மட்டும் இறுகியது. மாஸ்டரின் விரல்கள் ஒன்றோடொன்று நெரிந்தன. "பெரியவரே, புருஷன் பொண்டாட்டி விஷயத்துல தலையிடாதீங்க" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு. மாஸ்டர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்துக்கொள்ளத் தனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

மேலே ஜன்னல் திறந்தது. "அவர் கையை விடுங்க" என்றாள் அவள். கீழே சலவைக்கடை வாசலில் வேலை செய்கிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "நான் வரலை."

"யாருடி சொன்னது? இந்தக் கிழவனா?"

"யாரும் சொல்லலை. நான் சொல்றேன்."

அவன் சுற்றிலும் பார்த்தான். ஆறேழு பேர் வாசலுக்கே வந்துவிட்டார்கள். கையை உதறிவிட்டு, காரில் ஏறி, கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனான்.

மாஸ்டர் வலிக்கிற கையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். இவ்வளவு செய்ததற்கு ஒரு தலையசைப்பாவது கிடைக்கும் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை எழுந்தது. அதை நினைத்தபோதே அவருக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. அவள் கார் போன திசையைப் பார்த்தாள். பிறகு, அதே பார்வையால் அவரையும் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.