தோல்விக்குக் கால் அங்குலம்

ஊர் அணி முதல் டிவிஷனுக்கு ஏறிய வருஷம், சொந்த மைதானத்தில் அது தோற்ற ஒவ்வோர் ஆட்டத்துக்கும், உள்ளே இருந்து பார்த்த ஆதரவாளர்கள் கால் அங்குலம் குள்ளமானார்கள். ஜெயித்தால் கால் அங்குலம் வளர்ந்தார்கள். டிரா ஆனால் ஒன்றுமில்லை. ரேடியோவில் கேட்டவர்களுக்கும் மதிலுக்கு வெளியே நின்றவர்களுக்கும் எதுவும் ஆகவில்லை. டிக்கெட் கிழிக்கிறவர், சுண்ணாம்புக் கோடு போடுகிறவர், காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள், ஏன், விளையாடிய பதினொரு பேரையும்கூட அது தொடவில்லை. கூலிக்கு வந்தவர்களை விட்டுவிட்டது. ஆட்டம் கையைவிட்டுப் போனதும் பாதியில் எழுந்து ஓடியவர்கள் தப்பவில்லை. அவர்கள் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதே செருப்பு தரையை விட்டுக் கிளம்பியது. சுகாதார அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் டேப்போடு வந்து நாற்பது பேரை அளந்து எழுதிக்கொண்டு போனார்கள். பதில் வரவில்லை. மைதானத்தில் புல் வெட்டுகிறவர், இந்த வருஷம் புல் ரொம்ப வேகமாக வளர்கிறது என்று சொன்னார். அதற்கும் இதற்கும் யாரும் முடிச்சுப் போடவில்லை.

ரயில்வே குடோனுக்குப் பின்னால் இருந்த சுமை ஷெட்டில் இருபத்தாறு பேர் வேலை பார்த்தார்கள். பீரோ, இரும்புப் பெட்டி, தையல் இயந்திரம், அச்சு இயந்திரம் என்று சக்கரம் போக முடியாத இடத்துக்குப் போக வேண்டியதை எல்லாம் அவர்கள் கம்பில் கட்டித் தோளில் தூக்கினார்கள். கம்புக்கு இரண்டு தோள். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று தாழ்ந்தால் கயிறு அந்தப் பக்கம் சறுக்கும், பாரம் முழுக்கத் தாழ்ந்தவன் தலையில் வந்து விடியும். கம்பில் வெட்டுப் போட்டுக் கயிற்றை நிறுத்தலாமே என்று புதிதாக வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். வெட்டுப் போட்ட கம்பு அந்த வெட்டில்தான் முறியும் என்பார் மேஸ்திரி. அவருக்கு ஒரு காலில் இரண்டு விரல் இல்லாததால் அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். திங்கட்கிழமை காலையில் ஒவ்வொரு ஜோடியையும் கம்போடு நிறுத்தி, கொத்தனார்கள் வைக்கிற ரசமட்டத்தைக் கம்பின் மேல் வைத்துப் பார்ப்பார். குமிழி நடுவில் நின்றால் அந்த ஜோடிக்கு அந்த வாரம் வேலை உண்டு.

ஷெட்டின் நல்ல ஜோடி என்று பெயர் எடுத்தவர்கள் ஒரு மச்சானும் மாப்பிள்ளையும். இருவரும் ஐந்தடி ஏழு அங்குலம். உயரம் சரியாக இருந்ததால்தான் மேஸ்திரி அவர்களைச் சேர்த்தார். சேர்ந்து ஆறு வருஷம் தூக்கிய பிறகுதான் மச்சான் தன் தங்கையை அவருக்குக் கட்டிக்கொடுத்தார். பதினாறு வருஷத்தில் அவர்கள் ஒரு கண்ணாடிகூட உடைத்ததில்லை. சண்டை போடாமல் ஒரு படிகூட ஏறியதும் இல்லை. சண்டை பந்தைப் பற்றித்தான். அணி இரண்டாம் டிவிஷனில் இருந்தவரை ஆட்டக்காரர்களைப் பற்றிச் சண்டை. மேலே ஏறியதும், ஏறியது சரியா தப்பா என்று சண்டை.

"வாரம் பூரா முதுகு ஒடியத் தூக்கறோம். சனிக்கிழமை ஒரு நாளாவது சிரிக்க வேணாமா? டிக்கெட் வாங்கி உள்ள போய் அழுதுட்டு வர்றதுக்கு வீட்லயே இருந்துடலாம்" என்பார் பின்னால் வரும் மச்சான். "கீழ இருந்தப்ப ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ ஜெயிச்சோம். என்ன குறைஞ்சு போச்சு?"

"கீழ நீ அஞ்சு கோல் போட்டாலும் பேப்பர்ல ஒரு வரி வராது மச்சான். மேல நாம தோத்தா, யார்கிட்ட தோத்தோம்னு போட்டோவோட போடறான்" என்பார் முன்னால் போகும் மாப்பிள்ளை. "பெரிய ஆளு கையால அடி வாங்கறதுக்கும் ஒரு யோக்யதை வேணும்."

"அடி வாங்க யோக்யதையா? நல்லா வருது வாயில."

மச்சான் முதல் இரண்டு தோல்வியோடு மைதானத்துக்குப் போவதை நிறுத்திவிட்டதாகச் சிலர் சொல்வார்கள். அது தவறு. அவர் அந்த வருஷம் ஒரு தடவைகூட உள்ளே கால் வைக்கவில்லை. மாப்பிள்ளை பதினாறு ஆட்டத்துக்கும் போனார். பதிமூன்று தோல்வி, இரண்டு டிரா, ஒரு வெற்றி. அவர்களைவிட மோசமாக இரண்டு அணிகள் இருந்ததால் ஊர் அணி டிவிஷனில் தங்கியது. மாப்பிள்ளையின் உயரத்தில் மூன்று அங்குலம் போயிருந்தது.

குமிழி நகர்வதை மேஸ்திரி முதல் மாதமே பார்த்துவிட்டார். பழகின ஜோடி என்று கொஞ்ச நாள் கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை தன் தோளில் கோணிப்பையை மடித்து வைத்துப் பார்த்தார். வளைவில் அது நழுவி, ஒரு வக்கீல் வீட்டுச் சுவரில் பீரோ ஒரு பள்ளம் போட்டது. செருப்புக்குக் கீழே பலகை அடித்துப் பார்த்தார்; மூன்றாவது படியில் பலகை கழன்று முன்னே போக அவர் பின்னே போனார். மாடி ஏறும்போது மட்டும் பிரச்சினை இல்லை. குள்ளமானவர் மேல்படியில், உயரமானவர் கீழ்ப்படியில் என்று நின்றால் கம்பு சமமாக இருந்தது. ஆனால் எந்தக் கட்டடத்திலும் படிக்கட்டு ஓர் இடத்தில் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து பாரம் சறுக்கி மாப்பிள்ளையிடம் வந்தது. அவருடைய வலது தோளில் தோல் உரிந்து, காய்ந்து, மறுபடி உரிந்தது. மேஸ்திரி தவணை வைத்தார். அடுத்த வருஷ முடிவுக்குள் குமிழி நடுவுக்கு வராவிட்டால் மச்சானுக்கு வேறு ஜோடி. மாப்பிள்ளை கயிறு மடிக்கிற வேலைக்குப் போகலாம். கயிறு மடிக்கிறவர்கள் ஷெட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவருக்குக் கண் தெரியாது, இன்னொருவருக்கு எழுபது வயது.

வழி சொன்னது தங்கை. மச்சானுக்குத் தங்கை, மாப்பிள்ளைக்கு மனைவி. தையல் கம்பெனியில் காலர் வைக்கிற மேஜையில் பதினான்கு வருஷம் நின்றவள். புருஷனின் காற்சட்டைகளை மூன்றாம் முறையாகக் கீழே மடித்துத் தைத்த அன்று இருவரையும் சமையலறை நிலைக்கதவில் சாய்த்து நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டாள்.

"ரெண்டு பேரும் வாயாலயே தூக்கிட்டுத் திரியறீங்க. கணக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. அவரு கொஞ்ச நாளு வெளிய நிக்கட்டும். அண்ணே, நீ உள்ள போய்த் தோத்துட்டு வா."

"நானா? அந்தக் கண்றாவிய நான் ஏன் பாக்கணும்?"

"பன்னெண்டு தோல்வி பாத்தா இந்தக் கோடு அந்தக் கோட்டுக்கு வந்துடும். எனக்காகப் பாரு."

இரண்டாம் வருஷத்தின் முதல் சனிக்கிழமை மச்சான் தோற்பதற்காக உள்ளே போனார். மாப்பிள்ளை டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்தில் மதிலில் காதை வைத்து நின்றார். அன்று அணி ஜெயித்தது. அடுத்த ஆட்டம் டிரா. அதற்கடுத்த இரண்டையும் ஜெயித்தது. முதல் டிவிஷனில் தொடர்ந்து இரண்டு வெற்றி என்பது இந்த ஊர் கேள்விப்படாத விஷயம். மச்சான் முக்கால் அங்குலம் வளர்ந்து வெளியே வந்தார்.

"என்ன மச்சான், குறைஞ்சிட்டு வாடான்னு அனுப்பினா வளந்துட்டு வர்றே?"

"நான் என்ன பண்ண மாப்ளே? தோத்துடுங்கடான்னு கத்தவா முடியும்?"

"முத கோல் யாரு போட்டா?"

"அந்த நெட்டையன். தலையால."

"தலையாலயா?" என்று மாப்பிள்ளை மதிலடியிலேயே உட்கார்ந்துவிட்டார். தான் ஒரு வருஷம் அடிவாங்கிக் காத்துக்கிடந்ததை வேண்டாத ஆள் பார்த்துவிட்டு வருவதை அவரால் தாங்க முடியவில்லை. தோளைவிட அதுதான் எரிந்தது. ஐந்தாவது ஆட்டத்துக்கு, மனைவி தடுத்தும் கேட்காமல், அவரே உள்ளே போனார்; மச்சான் பழையபடி வெளியே நின்றுவிட்டார். அணி நான்கு பூஜ்யம் என்று தோற்றது. அதையும் சேர்த்து, அவர் பார்த்த மீதி பன்னிரண்டு ஆட்டங்களில் ஏழு தோல்வி, இரண்டு வெற்றி, மூன்று டிரா. இப்போது இருவருக்கும் நடுவே ஐந்து அங்குலம். அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. அன்று மாலை ஷெட்டில் பாதிப் பேர் முகத்தைத் தொங்கப்போட்டிருந்தார்கள். பாதிப் பேர் விடுமுறைக்கு வீடு திரும்பியவர்கள் போல இருந்தார்கள். மச்சான் இரண்டாவது பாதி. ஆனால் மேஸ்திரி அன்றுதான் அவருக்குப் புது ஜோடியைக் காட்டினார். மாப்பிள்ளை கயிறு மடிக்க உட்கார்ந்தார்.

மச்சான் மூன்று நாள் புது ஆளோடு தூக்கினார். அந்த ஆளுக்குப் பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. எந்தப் படியிலும் எதுவும் பேசவில்லை. நான்காம் நாள் மச்சான் தங்கை வீட்டுக்குப் போய் நிலைக்கதவின் முன்னால் வெகுநேரம் நின்றார். கீழ் டிவிஷனில் அணி ஜெயிக்கும். ஜெயித்தால் உள்ளே இருப்பவர் வளர்வார். அப்படியென்றால் உள்ளே போக வேண்டியவர் மாப்பிள்ளை. வெளியே நிற்க வேண்டியவர் தான். அவர் ஆசைப்பட்ட டிவிஷன் வந்திருந்தது, அதை அவர் பார்க்கக் கூடாது. மாப்பிள்ளைக்கோ அந்த டிவிஷனைக் கண்டாலே ஆகாது. இருவரும் ஒரே நேரத்தில் தங்கையைப் பார்த்தார்கள். "என்ன பாக்கறீங்க?" என்றாள் அவள். "நானா போக முடியும்?"

அப்படி இரண்டு வருஷம் போனது. மாப்பிள்ளை கசாயம் குடிக்கப் போகிறவர் முகத்தோடு உள்ளே போவார். எதிரணிகள் தபால் ஆபீஸ் அணி, சர்க்கரை ஆலை அணி என்ற மாதிரி இருந்தன. கோல் விழுந்தாலும் அவர் கைதட்டமாட்டார் என்று பக்கத்து இருக்கைக்காரர்கள் புகார் சொன்னார்கள். வெளியே மச்சான் மதிலில் சாய்ந்து, சத்தத்தை வைத்தே யார் கோல் போட்டது என்று சொல்லப் பழகிக்கொண்டார். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். முதல் வருஷம் பன்னிரண்டு வெற்றி, இரண்டு தோல்வி, இரண்டு டிரா. கதவில் இரண்டரை அங்குலம் ஏறியது. தங்கை மடித்துத் தைத்த காற்சட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். இரண்டாம் வருஷத்தின் நடுவில் ஒரு நாள் மாப்பிள்ளை வெளியே வந்து, "மூணாவது கோல் நல்லாருந்துச்சு மச்சான்" என்று சொல்லிவிட்டு, சொன்னதை உணர்ந்து, "அவன் கோலி சரியில்ல, அதான்" என்றார்.

"அதான் ரெண்டு வருஷத்துல ஒரு தடவ வாயத் தொறந்து சொல்லிட்டியே" என்றார் மச்சான்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தைய திங்கட்கிழமை மேஸ்திரி கயிறு மடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையை எழுப்பி மச்சானோடு நிறுத்தி, கம்பின் மேல் ரசமட்டத்தை வைத்தார். குமிழி இரண்டு தடவை ஆடி நடுவில் நின்றது. இருவரும் ஐந்தடி ஏழே முக்கால். மேஸ்திரி ஒரு நகைக்கடை இரும்புப் பெட்டியின் விலாசத்தைக் கையில் கொடுத்தார். இரண்டாம் மாடி. ஒரு படிக்கு ஒரு சண்டையாக ஏற்றி இறக்கினார்கள்.

சனிக்கிழமை இருவரும் சேர்ந்தே உள்ளே போனார்கள். ஜெயித்தால் முதல் டிவிஷன், டிரா ஆனால் இங்கேயே. மச்சான் டிராவை விரும்பியதை மறைக்கவில்லை. டிராவில் யாருக்கும் ஒரு நூல்கூட மாறாது, அடுத்த வருஷம் இருவரும் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே பார்க்கலாம் என்றார். எண்பத்தேழு நிமிஷம் அவர் விரும்பியபடியே போனது. எண்பத்தெட்டாவது நிமிஷம் பந்து ஒரு எதிரணிக்காரனின் முழங்காலில் பட்டு, கோலியைத் தாண்டி, மெதுவாக உள்ளே உருண்டது. அந்த வரிசையில் முதலில் எழுந்த குரல் மாப்பிள்ளையுடையது இல்லை.

"கத்தினது நீதானே?"

"தும்மல்."

இப்போது அணி முதல் டிவிஷனில் மூன்றாவது வருஷம் இருக்கிறது. கடைசியிலிருந்து மூன்றாவது இடம். மச்சானும் மாப்பிள்ளையும் ஐந்தடி. ஒருவர் இல்லாமல் ஒருவர் உள்ளே போவதில்லை. தங்கை கதவில் இப்போது ஒரே ஒரு கோடுதான் போடுகிறாள். தாழ்ந்த வாசல் உள்ள பழைய கட்டடங்களுக்கு மேஸ்திரி அவர்களைத்தான் அனுப்புகிறார். குனியாமல் போய் வருகிறார்கள். மேலே இருப்பதா கீழே இருப்பதா என்ற பேச்சு இன்னும் முடியவில்லை. போன மாதம் மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. அந்தச் சனிக்கிழமை மச்சான் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மதிலுக்கு வெளியே நின்றார். மூன்றுக்கு ஒன்று தோல்வி. அந்த ஒன்று யார் போட்டது என்று சத்தத்திலேயே தெரிந்துகொண்டு, போய் மாப்பிள்ளையிடம் சொன்னார். திங்கட்கிழமை குமிழி நடுவில் நின்றது.