கூரை வழியே வந்த மகள்

தியேட்டர் முதலாளியின் வீட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தவர்கள் மறுகணமே கை கழுவிக்கொண்டு நின்றார்கள். வயிறு நிறைந்திருந்தது, நடுவிலிருந்த கால் மணி நேரத்தை மட்டும் காணவில்லை. முதலாளிக்கு ஊரார் வைத்த பெயர் கத்திரி. ஒரே நாளில் ஐந்தாவது காட்சியையும் நுழைத்துவிட வேண்டும் என்று, எந்தப் படம் வந்தாலும் ஆபரேட்டர் அறையில் உட்கார்ந்து, தனக்குப் பிடிக்காததையெல்லாம் ரீலிலிருந்து வெட்டித் தள்ளுவார். துண்டுகளை ஆபரேட்டர் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார். கதாநாயகன் சாகக் கிடப்பான், அடுத்த நொடி மலைமேல் ஆடுவான். நல்ல வைத்தியர் போலிருக்கிறது என்று ஜனங்களும் பேசாமல் பார்த்துவிட்டுப் போவார்கள். அதிலும் அப்பா மகளை வழியனுப்பும் காட்சி என்றால் கத்திரிக்கு ஆகவே ஆகாது. “அழுறதுக்கு அவங்கவங்க வீட்லயே ஆள் இருக்கு, இதுக்கு எதுக்கு டிக்கெட்?” என்பார்.

படத்தில் வெட்டுப்பட்டதெல்லாம் அவர் வீட்டிலும் காணாமல் போகத் தொடங்கியது. புருஷன் பெண்டாட்டி சண்டை சமாதானம் ஆகாமலே மறுநாளுக்குத் தாவும். சமாதானம் பேசும்போது அவர் உளறுவதைக் கேட்பதற்கு இது எவ்வளவோ மேல் என்று மனைவி விட்டுவிட்டாள். ஆனால் ஒரே மகள் தூரத்து நகரத்தில் வேலை கிடைத்துக் கிளம்பிய காலையில், பெட்டியைக் கையில் எடுத்து “அப்பா” என்றாள். அடுத்த கணம் அவள் வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. முதலாளியின் கன்னம் ஈரமாக இருந்தது, சட்டைத் தோளில் அவள் கண்மை. அவள் என்ன சொன்னாள், தான் என்ன சொன்னோம், ஒன்றும் தெரியவில்லை. பெற்ற மகள் விடைபெற்ற நேரத்தைத் தன் கையாலேயே வெட்டிவிட்டோமே என்று மனிதர் இடிந்து உட்கார்ந்துவிட்டார். “நல்லா வேணும்! ஊர்ல எத்தனை அப்பனுக்கு இதைப் பண்ணீங்க?” என்றாள் மனைவி. அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

செருப்புகூடப் போடாமல் தியேட்டருக்கு ஓடி, அப்போது ஓடிக்கொண்டிருந்த படத்தில் வழியனுப்பும் துண்டைத் திரும்ப ஒட்டச் சொன்னார். வெட்டுவதற்கே உதவிப் பழகிய ஆபரேட்டர், பதற்றத்தில் துண்டைத் தலையும் வாலும் மாற்றி ஒட்டிவிட்டார். முதலாளி வீடு திரும்பியிருந்தார்; மூன்று மணிக்கு அந்தத் துண்டு திரையில் ஓடியபோது மகள் பெட்டியோடு, கூரையில் தலைகீழாக, பின்பக்கமாக நடந்து வாசல் வழியே உள்ளே வந்தாள். முதலில் “போயிட்டு வரேம்பா” என்றாள். பிறகு அழுதாள், முதலாளி ஸ்டூல் போட்டு ஏறித் தோளைக் கொடுத்தார். பிறகு மாத்திரையை மறக்கக் கூடாது என்று திட்டினாள். “உங்களை விட்டுட்டு எப்படிப்பா இருப்பேன்?” என்றாள். கடைசியில் “அப்பா” என்று சொல்லி, பெட்டியைக் கீழே, அதாவது மேலே, வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டாள்.

“தப்பா ஒட்டிட்டேன் முதலாளி, பிரிச்சு சரியா ஒட்டட்டுமா?” என்று ஆபரேட்டர் வந்து நின்றார்.

“கை வெச்சே, தொலைச்சுடுவேன்.”

அந்தப் படம் அங்கே பதினோரு வருடம் ஓடியது, பெரும்பாலும் காலி நாற்காலிகளுக்கு. காட்சிக்கு ஒருமுறை மகள் வந்தாள். நகரத்திலிருந்த மகளிடம் அம்மா போனில் விஷயத்தைச் சொன்னபோது, “பார்க்க இளைச்சிருக்கேனா?” என்று மட்டும் கேட்டாள். முன்னறை மின்விசிறி அவள்மேல் இடிக்கும் என்று கழற்றிவிட்டார்கள். வெயில் காலத்தில் கொஞ்சம் புழுங்கும், அவ்வளவுதான்.